பிரியாமல் நின்ற முக்கூட்டு

எச்.ஐ.வி.யின் மேற்பரப்பில் முட்களாக நீட்டிக்கொண்டிருப்பது அதன் உறைப்புரதம். நம் வெள்ளணுவைப் பற்றிக்கொண்டு வைரஸ் உள்ளே நுழைவது இதை வைத்துத்தான். தடுப்பூசி ஆய்வாளர்கள் குறிவைப்பதும் இதைத்தான். இதை ஆராய முழு வைரஸைக் கையாள வேண்டியதில்லை. புரதத்துக்கான மரபணுவை மட்டும் பிளாஸ்மிட் என்னும் வட்ட டி.என்.ஏ.வில் பொருத்தினால் போதும்.

ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் விட்டால் பிளாஸ்மிட் ஒரே இரவில் ஏராளமாகப் பெருகும். ஆம்பிசிலினைத் தாங்கும் மரபணுவும் அதிலேயே இருப்பதால், அந்த மருந்து கலந்த ஊடகத்தில் பிளாஸ்மிட் உள்ள பாக்டீரியா மட்டுமே பிழைக்கும். ஆனால் புரதத்தைச் செய்ய பாக்டீரியா உதவாது. ஜி.பி.120 என்ற வெளிப்பகுதியின் எடையில் ஏறத்தாழப் பாதி சர்க்கரை. அதைச் சரியாகப் பொருத்த மனிதச் சிறுநீரக வழிவந்த 293 செல்கள் போன்றவை வேண்டும்.

அப்படிச் செய்தும் ஒரு சிக்கல் தீரவில்லை. ஜி.பி.120, ஜி.பி.41 என்ற ஜோடி மூன்று சேர்ந்ததுதான் ஒரு முள். வைரஸின் சவ்வை விட்டுப் பிரித்தால் அது கலகலத்துவிடும். ஆய்வாளர்கள் ஜான் மூர், ரோஜியர் சாண்டர்ஸ் குழுவினர் கைவைத்தது பிளாஸ்மிடின் எழுத்துகளில். அதன்வழி புரதத்தின் 501, 605 ஆகிய இடங்களில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தை வைத்தார்கள். இடையே கந்தகப் பிணைப்பு உண்டாகி ஜி.பி.120 கழலாமல் நின்றது. 559ஆம் இடத்தில் வைத்த புரோலின், ஜி.பி.41 நிமிர்ந்து வடிவம் மாறுவதைத் தடுத்தது. ஜி.பி.120உம் ஜி.பி.41உம் பிரியும் இடத்தில் ஆறு அர்ஜினின்களை அடுக்கி, அங்கே வெட்டும் ஃப்யூரின் நொதிக்கு ஒரு தனிப் பிளாஸ்மிடையும் உடன் செலுத்தினார்கள். 664ஆம் அமினோ அமிலத்தோடு புரதம் முடிகிறது. இதன் பெயர் சோசிப்.

நைரோபியில் ஒரு கைக்குழந்தையிடம் கிடைத்த பி.ஜி.505 என்ற எச்.ஐ.வி. வகை இதற்கு நன்றாக ஒத்துவந்தது. 2013இல் அதன் முப்பரிமாண அமைப்பும் வெளியானது.

தடுப்பூசி இன்னும் வரவில்லையே என்று சலித்துக்கொள்பவர்கள் அடுத்து நடந்ததை அவசியம் அறிய வேண்டும். இந்தப் புரதத்தை முயல்களுக்குச் செலுத்தியபோது, பி.ஜி.505 வைரஸை முடக்கும் ஆன்டிபாடிகள் கிடைத்தன. முடக்கக் கடினமான மற்ற எச்.ஐ.வி. வகைகளிடம் அவை பெரும்பாலும் எடுபடவில்லை. பல ஆன்டிபாடிகள், மற்ற பெரும்பாலான வகைகளில் சர்க்கரை மூடியிருந்து பி.ஜி.505இல் மூடாத ஓர் இடைவெளியைப் பிடித்திருந்தன. வேறு பல, முக்கூட்டின் அடிப்பகுதியில் ஒட்டின. வைரஸில் அந்தப் பகுதி சவ்வை ஒட்டி மறைந்திருப்பதால், அங்கே ஒட்டிப் பயனில்லை. ஆகவே மறுபடியும் பிளாஸ்மிடில் திருத்தம் நடக்கிறது: இடைவெளியிலும் அடிப்பகுதியிலும் சர்க்கரை ஒட்ட வழிசெய்து, ஆன்டிபாடிகளை வேறு இடத்துக்குத் திருப்பப் பார்க்கிறார்கள்.