ஈயத்தைச் சுமந்து வந்தது எந்த நீர்?

தங்கா பத்துவிலிருந்து அலோர் காஜாவைத் தாண்டித் தம்பின் பக்கம் போனால் காடேக் வெந்நீர் ஊற்று வரும். மலாக்காவில் எரிமலை கிடையாது. மழை நீர்தான் பாறை வெடிப்புகளில் ஆழமாக இறங்கி, பூமியின் சூட்டை வாங்கிக்கொண்டு மேலே திரும்புகிறது.

20 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, தித்திவங்சா மலைத்தொடரின் கிரானைட் பாறை உருவான காலத்தில், இதைவிடப் பல மடங்கு சூடான நீர் அந்தப் பாறைகளுக்குள் ஓடியது. அது கரைத்து வந்த ஈயம் வெடிப்புகளில் படிந்தது. (நாம் பேச்சில் ஈயம் என்பது வெள்ளீயத்தை, காரீயம் வேறு.) மலாக்கா சுல்தான்கள் காலத்தில் ஈயமே பணமாகப் புழங்கியது. 1511இல் நகரைப் பிடித்த போர்த்துகீசியரும் ஈய நாணயம் அடித்தார்கள்.

அந்தச் சுடுநீர் மழை நீரா, பாறைக்குழம்பிலிருந்து பிரிந்த நீரா? நீர் எப்போதோ போய்விட்டது. சாட்சி தாதுவில் இருக்கிறது.

ஈயத் தாதுவான கேசிட்டரைட்டில் ஓர் ஈய அணுவுக்கு இரண்டு ஆக்சிஜன் அணுக்கள். அந்த ஆக்சிஜன் சுடுநீரிலிருந்து வந்தது. ஆயிரம் ஆக்சிஜன் அணுக்களில் ஏறக்குறைய இரண்டு, கனமான ஆக்சிஜன்-18. மற்றவை பெரும்பாலும் ஆக்சிஜன்-16. இரண்டுமே நிலையான ஐசோடோப்புகள், சிதைவதில்லை. கனமானது கடலிலிருந்து சுலபமாக ஆவியாகாது. மேகத்தில் சேர்ந்தாலும் முதலில் மழையாக இறங்கிவிடும். அதனால் மழை நீரில் அது கடல் நீரைவிடக் குறைவு. பாறைக்குழம்பு நீரிலோ அந்த விகிதம் கடல் நீரைவிட ஆயிரத்துக்கு 6 முதல் 9 வரை கூடுதல். மிகச் சிறிய வித்தியாசம்தான். ஆனால் நிறை நிறமாலைமானி என்னும் கருவி அதைப் பிடித்துவிடும்.

ஒரு சிக்கல் உண்டு. தாது, நீரின் விகிதத்தை அப்படியே வாங்கிக்கொள்வதில்லை. எவ்வளவு மாறும் என்பது வெப்பத்தைப் பொறுத்தது. இதற்கு ஆய்வாளர்கள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. கேசிட்டரைட்டோடு சேர்ந்தே படிந்த குவார்ட்ஸையும் அளக்கிறார்கள். குவார்ட்ஸ் கனமான ஆக்சிஜனைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். சூடு ஏற ஏற இரண்டுக்கும் உள்ள இடைவெளி சுருங்கும். இடைவெளியை அளந்தால் அன்றைய வெப்பநிலை கிடைக்கும். அதிலிருந்து நீரின் விகிதத்தையும் கணக்கிடலாம்.

உலகின் பல ஈயச் சுரங்கங்களில், தாது படிந்தபோது இருந்தது பெரும்பாலும் பாறைக்குழம்பு நீர் என்றும், பிறகு மழை நீர் கலந்தது என்றும் இந்த அளவீடுகள் காட்டுகின்றன. குளிர்ந்த நீர் கலந்தால் ஈயம் கரைசலில் தங்காமல் படிந்துவிடும்.

கிந்தா பள்ளத்தாக்கில் தோண்டியது, மலையிலிருந்து அரித்து வந்து மணலில் தங்கிய ஈயம். பகாங்கின் சுங்கை லெம்பிங்கில் 1986 வரை பாறைக்குள்ளேயே தோண்டினார்கள். இனித் தேட வேண்டியதும் பாறைக்குள்தான். துளையிட ஏராளமாகச் செலவாகும். பாறைக்குழம்பு நீர் என்றால் கிரானைட்டின் உச்சியைத் தேட வேண்டும். கலந்த நீர் என்றால் மழை நீர் இறங்கிய வெடிப்புகளைப் பின்தொடர வேண்டும். எங்கே முதல் துளை போடுவது என்பதை ஆயிரத்தில் இரண்டு அணுக்கள் சொல்லக்கூடும்.