மரத்திலும் தெரியும் முகம்

‘வுடன் மிரர்’ எனப்படும் மரக் கண்ணாடியில் ஒளிரும் பாகம் எதுவும் இல்லை, கண்ணாடியும் இல்லை. 830 சிறு மரச் சதுரங்களை நெருக்கமாக அடுக்கிச் செய்த ஆளுயரப் பலகை அது. எதிரே ஒருவர் வந்து நின்றால் அவர் உருவம் மரத்தில் தெரியும். அவர் கையைத் தூக்கினால் மரத்திலும் கை உயரும். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் கலைஞர் டேனியல் ரோசின் இதை 1999-இல் உருவாக்கினார்.

பலகையின் நடுவே, சட்டென்று கண்ணில் படாதபடி ஒரு சிறு கேமரா இருக்கிறது. அது பிடிக்கும் படத்தைக் கணினி 830 கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் எவ்வளவு வெளிச்சம் என்று கணக்கிடுகிறது. ஒவ்வொரு சதுரத்துக்கும் பின்னால் தனியாக ஒரு சர்வோ மோட்டார். சொன்ன கோணத்துக்குத் திரும்பி அங்கேயே நிற்கும் வகை மோட்டார் இது; ரிமோட்டில் பறக்கும் பொம்மை விமானங்களிலும் இருக்கிறது. மேலிருந்து விளக்கொளி விழும். சதுரம் மேல்நோக்கிச் சாய்ந்தால் ஒளியை வாங்கி வெளுத்துத் தெரியும். கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் கருத்துப்போகும். இடைப்பட்ட கோணங்களெல்லாம் சாம்பல் நிறத்தின் படிகள். மரத்தின் நிறம் மாறுவதே இல்லை, சாய்வுதான் மாறுகிறது.

இன்றைய சாதாரணத் தொலைக்காட்சித் திரையில்கூட 20 லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் உண்டு. அதன் முன் 830 என்பது ஒன்றுமே இல்லை. ஆனாலும் முகம் தெரிகிறது என்றால், அதில் பாதி வேலையைச் செய்வது பார்ப்பவரின் மூளை. கிட்டப் போனால் வெறும் மரத்துண்டுகள்தான். நாலடி பின்வாங்கினால் தோளும் தலையும் கூடிவரும். ஆள் அசையும்போது உருவம் இன்னும் துலக்கமாகும். மோட்டார்கள் எல்லாம் ஒன்றாகத் திரும்புகையில் எழும் சலசலப்பு வேறு. எந்த எல்.இ.டி. திரையும் தராத சுகம் அது.

இதே வழியில் ரோசின் பல பொருள்களைத் திரையாக்கியிருக்கிறார். நியூயார்க் தெருக்களில் பொறுக்கிய குப்பையில் ஒன்று, துருப்பிடித்த இரும்புத் தகட்டில் ஒன்று. 2015-இல் வந்த ‘பாம்பாம் மிரர்’ இவற்றிலிருந்து சற்று மாறுபட்டது. இங்கே சாய்வு கிடையாது. செயற்கை ரோமத்தால் ஆன 928 பந்துகளை 464 மோட்டார்கள் இயக்குகின்றன. கறுப்பு ஒன்று, வெளிர்பழுப்பு ஒன்று என ஒரு மோட்டாருக்கு இரண்டு பந்துகள். ஒன்று முன்னே வந்தால் மற்றது உள்ளே போய்விடும். எதிரே நிற்பவரின் நிழலுருவம் கறுப்பு ரோமமாகப் புடைத்து நிற்கும்.

அசையும் பொருளால் படம் காட்டுவது கலைஞர்கள் கண்டுபிடித்த வித்தை அல்ல. கனடாவின் ஃபெராண்டி-பேக்கார்ட் நிறுவனத்தில் கென்யான் டெய்லர் என்பவர் 1961 வாக்கிலேயே ‘ஃபிளிப்-டாட்’ பலகையை உருவாக்கிவிட்டார். ஒரு பக்கம் கறுப்பும் மறுபக்கம் பளிச்சென்ற மஞ்சளும் பூசிய சிறு வட்டத் தகடுகளே அதன் புள்ளிகள். தகட்டில் ஒரு காந்தம், பின்னால் ஒரு மின்காந்தம். மின்சாரத்தை ஒரு கணம் செலுத்தினால் தகடு ‘டக்’கென்று புரளும். பிறகு மின்சாரமே வேண்டாம், எஞ்சிய காந்தசக்தியே தகட்டைப் பிடித்துக்கொள்ளும். கொளுத்தும் வெயிலிலும் எழுத்து தெளிவாகத் தெரிவதால் பல நாடுகளில் பேருந்துகளின் ஊர்ப்பலகையாக இது நெடுங்காலம் உழைத்தது. தூசி புகுந்து தகடுகள் சிக்கிக்கொள்வது இதன் பலவீனம். விலை குறைந்த எல்.இ.டி. வந்து இதன் இடத்தைப் பிடித்தது.

தண்ணீரையும் விட்டுவைக்கவில்லை. ஜெர்மன் கலைஞர் ஜூலியஸ் போப்பின் ‘பிட்.ஃபால்’ அமைப்பில் வரிசையாக நுண்வால்வுகள் உண்டு. கணினி அவற்றைக் குறித்த நேரத்தில் திறந்து மூட, விழும் துளிகள் எழுத்துகளாகச் சேரும். இணையச் செய்திகளிலிருந்து பொறுக்கிய சொற்கள் அவை. எழுத்தின் அடிவரிசைத் துளிகள் முதலில் கிளம்ப வேண்டும், தலைவரிசை கடைசியில். முன்னே கிளம்பிய துளி எப்போதும் கூடுதல் வேகத்தில் இருப்பதால், இறங்க இறங்க எழுத்து நெடுக்காக இழுபடும். ஐந்து மீட்டர் விழத் துளிக்கு ஒரு விநாடிதான் ஆகும். சொல்லின் ஆயுளும் கிட்டத்தட்ட அவ்வளவே.

வெளிச்சத்துக்குப் பதில் உயரத்தையே புள்ளியின் அளவாகக் கொண்டது அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஹிரோஷி இஷியின் குழு 2013-இல் காட்டிய ‘இன்ஃபார்ம்’. மேசை போன்ற பரப்பில் 30-க்கு 30 என்று 900 சதுரக் கம்பங்கள். ஒவ்வொன்றும் பத்து சென்டிமீட்டர் வரை உயரும். ஓரிடத்தில் இருப்பவர் கேமராவுக்குக் கீழே கையை நீட்டினால், வேறோர் இடத்தில் கம்பங்கள் அந்தக் கையின் வடிவில் எழுந்து மேசைமேல் கிடக்கும் பந்தை உருட்டும். தொட்டுணரக் கூடிய திரை என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். இத்தகைய திரைகள் ஆய்வகத்தையும் கலைக்கூடத்தையும் தாண்டாததற்குக் காரணம் எளிய கணக்கு: கம்பத்துக்கு ஒரு மோட்டார் வேண்டும். படத்தை நீளத்திலும் அகலத்திலும் இரு மடங்கு நுட்பமாக்க நினைத்தால் 900 மோட்டார் 3,600 ஆகிவிடும்.