டேங்க் நிரம்பினால் எந்த டேங்க்?

வேங்கிக்காலில் "டேங்க் நிரம்பிடுச்சு" என்று ஒரு குரல் கேட்டால், யாராவது மோட்டாரை நிறுத்த ஓடுவார்கள். இதே ஊரிலுள்ள ஆட்சியர் அலுவலகத்தின் ஆங்கிலக் கோப்பில் அந்தச் சொல் வந்தால் ஏரியைக் குறிக்கும். பைக்கில் பெட்ரோல் டேங்க், வீட்டுக்குப் பின்னால் செப்டிக் டேங்க், ஆவடியில் உருவாகும் அர்ஜுன் டேங்க். இத்தனைக்கும் ஒரே சொல்தான், ஆனால் கேட்பவர் யாரும் தடுமாறுவதில்லை.

போர் வண்டிக்கு இந்தப் பெயர் வந்தது ரகசியம் காக்கத்தான். 1915இல் பிரிட்டன் கவச வண்டியை மறைவாகத் தயாரித்தது. பார்ப்பவர்கள் தண்ணீர்த் தொட்டி என்று நினைக்கட்டும் என்று வைத்த மறைபெயர் அது. 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சின் சோம் போர்க்களத்தில் வண்டி இறங்கியது. ரகசியம் உடைந்த பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது.

பல பொருள்களில் சரியானதை மூளை எப்படிப் பிடிக்கிறது? 1979இல் அமெரிக்க உளவியலாளர் டேவிட் ஸ்வின்னி வெளியிட்ட ஆய்வு அழகானது. 'பக்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பூச்சி, ஒட்டுக்கேட்கும் கருவி என்று இரு பொருள். கரப்பான், சிலந்தி என்று பூச்சிகளையே பேசும் வாக்கியத்தில் அந்தச் சொல் காதில் விழுந்ததும், திரையில் 'எறும்பு', 'உளவாளி' போன்ற சொற்கள் தோன்றின. இரண்டையுமே மக்கள் விரைவாக அடையாளம் கண்டார்கள். சில அசைகள் தள்ளிக் காட்டியபோது 'எறும்பு' மட்டுமே அந்த வேகத்தைப் பெற்றது. மூளை எல்லாப் பொருளையும் ஒரு கணம் எழுப்பிவிட்டு, சூழலுக்குப் பொருந்தாததைக் கைவிடுகிறது! நமக்கு அது தெரிவதே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு.

கணினிக்கு இது எளிதாக வரவில்லை. சொல்லைச் சுற்றியிருக்கும் உலகத்தை அறியாமல் சரியான பொருளைத் தேர முடியாது என்று 1960இலேயே மொழியியலாளர் பார்-ஹில்லல் வாதிட்டார். இன்றைய மொழிபெயர்ப்புச் செயலிகள் அக்கம்பக்கச் சொற்களைக் கொண்டு கணிக்கின்றன. சூழல் குறைவான துண்டு வாக்கியத்தில் இன்னும் சறுக்கலாம்.

ஏரியைக் குறிக்கும் 'டேங்க்' என்ற சொல்லைத் 'தொட்டி' என்று மொழிபெயர்த்தால் எழுத்துப்பிழையைவிடப் பெரிய பிழை அது. தொட்டிக்குக் கொள்ளளவு தெரிந்தால் போதும். ஏரியோ வரத்துக்காலில் வாங்கி, மதகு வழியே வயலுக்கு விட்டு, மிச்சத்தைக் கோடி எனும் உபரிநீர்ப் போக்கி வழியாகக் கீழேயுள்ள ஏரிக்கு அனுப்பும். வரத்துக்கால் அடைபட்டால், கரையை எவ்வளவு உயர்த்தினாலும் அந்த வழி வரவேண்டிய நீர் வந்து சேராது.