மலை இறங்கினால் காது அடைப்பது ஏன்?

'காதுதானே' என்று அசட்டையாக விட வேண்டாம்

புனேயில் இருந்து மும்பைக்கு ரயிலில் போகும் தமிழர்கள் எல்லோருக்கும் ஓர் அனுபவம் உண்டு. லோணாவளாவைத் தாண்டி, வண்டி குகைகளுக்குள் புகுந்து புகுந்து இறங்கத் தொடங்கியதும் இரண்டு காதும் 'கும்'மென்று அடைத்துக்கொள்ளும். எதிரே இருப்பவர் பேசுவது கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் கேட்கும். எச்சிலை விழுங்கினால் 'டப்' என்று திறந்துகொள்ளும். பெரும்பாலோருக்கு அத்தோடு சரி.

சிலருக்கு மட்டும் அது திறப்பதில்லை. கர்ஜத் வந்தும், தாதர் வந்தும், வீட்டுக்குப் போய் நாலு நாள் ஆகியும் அடைப்பு நீங்காது. காதுக்குள் பஞ்சை வைத்துத் திணித்ததுபோல் இருக்கும். கொட்டாவி விட்டால் சுருக்கென்று வலிக்கும். காய்ச்சல் என்றால் உடம்பைத் தொட்டுப் பார்க்கலாம். கால் வீங்கினால் கண்ணுக்குத் தெரியும். காது அடைப்போ அனுபவிப்பவருக்கு மட்டுமே தெரிந்த அவஸ்தை. "கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாரா பாருங்கள்" என்று வீட்டாரின் கோபம் வேறு.

இந்த அவஸ்தையில் புனேவாசிகளுக்குக் கொஞ்சம் கூடுதல் பங்கு உண்டு. காரணம், ஊர் இருக்கும் உயரம்.

28 கிலோமீட்டரில் 550 மீட்டர்

புனே கடல் மட்டத்தில் இருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மும்பை கடலோரம். இடையில் 'போர் காட்' மலைப்பாதை. 1863-ம் ஆண்டு ரயில் விடப்பட்ட இந்தப் பாதையில், லோணாவளாவுக்கும் கர்ஜத்துக்கும் இடையே உள்ள 28 கிலோமீட்டரில் வண்டி ஏறக்குறைய 550 மீட்டர் இறங்கிவிடுகிறது. ஏறி வரும் வண்டிகளைத் தள்ளிவிட 'பாங்கர்' என்ஜின் தேவைப்படும் அளவுக்கு ஏற்றம்.

இறங்க இறங்கக் காற்றின் அழுத்தம் கூடும். மலை உச்சிக்கும் அடிவாரத்துக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 6 சதவீதம்தான். அந்த 6 சதவீதத்தைக் கண்ணும் மூக்கும் கண்டுகொள்வதில்லை. காது கண்டுகொள்கிறது.

காதுக்குள் ஒரு சிறிய அறை

செவிப்பறைக்குப் பின்னால் நடுச்செவி என்று ஒரு சிறிய அறை இருக்கிறது. அதில் இருப்பது வெறும் காற்று. அந்த அறையில் இருந்து மூக்கின் பின்புறத்துக்கு ஒரு குழல் போகிறது. பெரியவர்களுக்கு அதன் நீளம் சுமார் மூன்றரை சென்டிமீட்டர். 16-ம் நூற்றாண்டில் வாழ்ந்த யூஸ்டாக்கி என்ற இத்தாலிய மருத்துவரின் பெயரால் அதை யூஸ்டேஷியன் குழல் என்கிறார்கள்.

இந்தக் குழல் சாதாரணமாக மூடியே இருக்கும். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் ஒரு கணம் திறந்து மூடும். அந்த ஒரு கணத்தில்தான் உள்ளே உள்ள காற்றும் வெளிக்காற்றும் சமமாகின்றன.

மலை ஏறும்போது உள்ளே உள்ள காற்று தானாகவே வெளியேறிவிடும். அதனால் தொல்லை குறைவு. இறங்கும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்க வேண்டும். ஜலதோஷம் பிடித்து, குழலின் வாய் வீங்கி இருந்தால் அது நடக்காது. வெளியே அழுத்தம் கூடிக்கொண்டே போக, செவிப்பறை உள்பக்கமாகக் குழிந்துவிடும். அதுதான் அடைப்பு, அதுதான் வலி. அழுத்த வித்தியாசம் மிக அதிகமாகிவிட்டால், குழலைத் திறக்கும் தசையே தோற்றுப்போகும். பிறகு எத்தனை முறை விழுங்கினாலும் திறக்காது. நடுச்செவியில் நீர் கசியும். சில நேரங்களில் ரத்தமும் கசியும்.

ஆகவே அடைக்கும் முன்பிருந்தே விழுங்க வேண்டும். வலி வந்த பிறகு விழுங்கிப் பயன் குறைவு. லோணாவளாவில் வாங்கிய சிக்கியை வீட்டுக்குப் போய்ப் பிரிக்கலாம் என்று மூட்டை கட்டாமல், வண்டி இறங்கும்போதே ஒரு துண்டை மென்றுகொண்டு வருவது நல்லது. கைக்குழந்தைக்கு அந்த நேரத்தில் பால் கொடுக்கலாம். தூங்குபவர் அதிகம் விழுங்குவதில்லை. ஆகவே இறங்கும் நேரத்தில் விழித்திருப்பது நலம்.

சென்னை விமானமும் முத்துக்குளிப்பும்

விமானத்திலும் இதே கணக்குதான். பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கும் காற்று, 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலை மேல் இருப்பதற்குச் சமம். புனேயில் இறங்கினால் அங்கிருந்து 560 மீட்டர் உயரத்துக்கு வந்தால் போதும். சென்னையில் இறங்கினால் கடல் மட்டம் வரை வர வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது வலித்த காது, திரும்பி வரும்போது அவ்வளவாக வலிக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

2018-ம் ஆண்டு செப்டம்பர் 20-ந்தேதி மும்பையில் இருந்து ஜெய்ப்பூருக்குப் புறப்பட்ட ஜெட் ஏர்வேஸ் விமானத்தில் 166 பயணிகள் இருந்தனர். உள்ளே காற்றழுத்தத்தைக் காக்கும் சுவிட்சைப் போடாமலே விமானம் மேலே ஏறிவிட்டது. சுமார் 30 பேருக்கு மூக்கில் ரத்தம் வடிந்தது. சிலருக்குக் காதிலும் ரத்தம். விமானம் மும்பைக்கே திரும்பியது. ஒரு சுவிட்ச் செய்யும் வேலையின் அருமை அன்று நாட்டுக்கே தெரிந்தது.

இந்த வலியை விமானம் வருவதற்கு வெகுகாலம் முன்பே அறிந்தவர்கள் தமிழ்நாட்டில் இருந்தார்கள். மன்னார் வளைகுடாவில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கிய முத்துக்குளிப்பவர்கள்தான் அவர்கள். தண்ணீரில் 10 மீட்டர் இறங்கினாலே அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும். அதற்கு முன்னால் போர் காட்டின் 6 சதவீதம் எம்மாத்திரம்!

எண்ணெயும் ஊக்கும் வேண்டாம்

காது அடைத்தால் நம்மவர்கள் முதலில் தேடுவது பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை. அடுத்தது ஊக்கு, தீக்குச்சி. இன்னும் சிலர் தெருவில் வரும் 'கான் சாஃப்' ஆளிடம் காதைக் கொடுத்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அடைப்பு செவிப்பறைக்கு உள்பக்கம் இருக்கிறது. வெளியில் இருந்து ஊற்றும் எண்ணெய் அங்கே போய்ச் சேராது. செவிப்பறையில் ஓட்டை இருந்தாலோ எண்ணெய் உள்ளே போய்ச் சீழ் பிடிக்கும். ஊக்கு செய்யும் வேலையைச் சொல்லவே வேண்டாம். அடைப்புக்குக் காரணம் குரும்பியாகவே இருந்தாலும், அதை எடுக்க வேண்டியவர் டாக்டர்தான்.

மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடி, மெதுவாக ஊதிப் பார்க்கலாம். மூச்சைக் கட்டிப் பலமாக ஊதக் கூடாது, உள்காது கெடும். மெடிக்கலில் தாமாக வாங்கும் மூக்கு சொட்டு மருந்தையும் சில நாட்களுக்கு மேல் போடக் கூடாது. தொடர்ந்து போட்டால் மூக்கடைப்பு முன்பைவிட அதிகமாகும்.

மொழி தெரியவில்லையா, காது கேட்கவில்லையா?

சிறுவர்களுக்கு இந்தக் குழல் குட்டையாகவும் படுக்கைவசமாகவும் இருக்கும். அதனால் அடிக்கடி ஜலதோஷம் பிடிக்கும் பிள்ளைகளுக்கு நடுச்செவியில் நீர் கட்டிக்கொள்வது சகஜம். வலி இருக்காது. காது மட்டும் மந்தமாகிவிடும்.

வெளிமாநிலத்தில் வாழும் நம் குடும்பங்கள் இங்கேதான் ஏமாந்துபோகக்கூடும். பிள்ளை வகுப்பில் பதில் சொல்லவில்லை என்றால், "வீட்டில் தமிழ் பேசுகிறீர்கள், அதனால் மராத்தி புரியவில்லை" என்று டீச்சர் சொல்லலாம். பெற்றோரும் நம்பி டியூஷனுக்கு அனுப்பலாம். முதுகுப்புறம் நின்று, தாழ்ந்த குரலில், தமிழில் கூப்பிட்டுப் பாருங்கள். திரும்பவில்லை என்றால் டியூஷனுக்கு முன்னால் காது டாக்டரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் நீர் தானாகவே வற்றிவிடும். வற்றாவிட்டால் செவிப்பறையில் 'குரோமெட்' என்ற சிறு குழாய் வைத்துச் சரி செய்ய முடியும்.

இதற்குக் காத்திருக்காதீர்கள்

எல்லா அடைப்பும் ஜலதோஷ அடைப்பு அல்ல. ஒரு காது மட்டும் திடீரென்று, ஒரே நாளில், அடைத்துக் கேட்காமல் போனால் அது காது நரம்புக் கோளாறாக இருக்கலாம். இதற்கு உடனே ஸ்டீராய்டு மருந்து தர வேண்டியிருக்கும். முதல் சில நாட்களில் வருபவர்களுக்கே பலன் அதிகம். இரண்டு வாரம் தாண்டினால் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். "சளிதான், தானாகப் போகும்" என்று ஒரு மாதம் பொறுத்திருந்து காதை இழப்பவர்கள் உண்டு.

வீட்டில் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகுங்கள். சத்தம் அடைத்த காதில் அதிகமாகக் கேட்டால், பெரும்பாலும் குரும்பி, சளி, நீர் போன்ற அடைப்புதான். நல்ல காதில் அதிகமாகக் கேட்டால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். அன்றே டாக்டரிடம் ஓட வேண்டும். சோதனையின் முடிவு எப்படி இருந்தாலும், திடீரென்று கேட்காமல் போன காதை டாக்டர் பார்த்தே தீர வேண்டும்.

காதில் சீழ் அல்லது ரத்தம் வருவது, தலைசுற்றல், முகம் ஒரு பக்கம் கோணுவது ஆகியவற்றுக்கும் இதேதான். பெரியவர்களுக்கு ஒரே பக்கம் பல வாரங்கள் அடைப்பு நீடித்தால், குழலின் வாயை ஏதாவது கட்டி அடைத்திருக்கிறதா என்று மூக்கின் பின்புறத்தையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

ஜலதோஷத்துக்குப் பிந்திய சாதாரண அடைப்பு இரண்டு மூன்று வாரத்தில் விலகிவிடும். அதற்கு மேல் போனால் பரிசோதனை அவசியம். ரயில்வே ஊழியர்களுக்கு ரயில்வே ஆஸ்பத்திரி, ஆலைத் தொழிலாளர்களுக்கு இ.எஸ்.ஐ., மற்றவர்களுக்கு ஸ்டேஷன் அருகிலேயே சசூன் ஆஸ்பத்திரி. காது டாக்டர் விளக்கைப் போட்டுச் செவிப்பறையைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். டோக்கன் வாங்கி வரிசையில் நிற்க அரை நாள் சம்பளம் போகலாம். போன காது திரும்ப வராது.