வால்ஸ்கிஸ் போனதா, சாங்தே போனதா?

ஆலங்குளம் பக்கம் கபடியும் கிரிக்கெட்டும் போக மிச்சம்தான் கால்பந்துக்கு. அந்த மிச்சத்தில் ஐ.எஸ்.எல் பார்க்கிறவர்கள் சிலர் உண்டு. சென்னையின் எஃப்.சி தோற்ற ராத்திரி அவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், அன்றைய ஆட்டத்தைப் பற்றி அதிகம் பேசமாட்டார்கள். "வால்ஸ்கிஸ மட்டும் அன்னைக்கு விடாம இருந்திருந்தா கதையே வேற அண்ணாச்சி" என்று 2020-க்குப் போய்விடுவார்கள். சென்னை நேரு ஸ்டேடியம் இங்கிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல். செங்கோட்டை தாண்டி மலையிறங்கி கொச்சிக்குப் போனால் அதில் பாதி தூரம்கூட வராது. இருந்தாலும் இவர்கள் கேரள அணியின் மஞ்சளை விட்டுவிட்டுச் சென்னையின் நீலத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அதனாலேயே இவர்களுடைய ஆதங்கத்தைக் கொஞ்சம் உரசிப் பார்க்கத் தோன்றியது.

2019-20 பருவத்தில் லிதுவேனியாக்காரர் நெரியஸ் வால்ஸ்கிஸ் சென்னைக்காக 15 கோல் போட்டார். தங்கக் காலணி அவருக்கு. பருவம் தொடங்கிய லட்சணத்தைப் பார்த்தவர்கள் யாரும் இதை எதிர்பார்த்திருக்க முடியாது. முதல் நான்கு ஆட்டங்களில் அணி ஒரு கோல்கூட அடிக்கவில்லை. பயிற்சியாளர் ஜான் கிரிகரி விலகினார். டிசம்பரில் ஓவன் கோயல் வந்தார். ஸ்காட்லாந்தில் பிறந்தவர், 2009-ல் பர்ன்லி என்ற சின்ன ஊர் அணியை இங்கிலாந்தின் பிரீமியர் லீகுக்குக் கொண்டுபோனவர். அதே வால்ஸ்கிஸ், அதே கிரிவெல்லாரோ, அதே தாபா, அதே சாங்தேயை வைத்துக்கொண்டு அணியை நான்காம் இடத்துக்கு ஏற்றினார். அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டங்களும் சேர்த்து 6-5 என்று வீழ்த்தினார்கள். 2020 மார்ச் 14-ல், கொரோனாவால் ஆளில்லாத ஃபட்டோர்டா மைதானத்தில் நடந்த இறுதியில் ஏ.டி.கே அணியிடம் 1-3 எனத் தோற்றார்கள். அந்த ஒரு கோலும் வால்ஸ்கிஸ் அடித்ததுதான்.

பிறகு கோயல் ஜாம்ஷெட்பூருக்குப் போனார். வால்ஸ்கிஸும் அங்கேயே போனார்.

நம்மவர்களின் வாதம் இங்கேதான் தொடங்குகிறது. அடுத்த பருவம் சென்னை 20 ஆட்டங்களில் அடித்தது 17 கோல். வென்றது மூன்று, சமன் செய்தது பதினொன்று. எட்டாம் இடம். கோல் போட ஆளில்லாத அணி என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்தான். ஆனால் அந்தப் பருவம் வால்ஸ்கிஸ் இருந்த ஜாம்ஷெட்பூர் என்ன ஆனது? ஆறாம் இடம். போதாக்குறைக்கு இரண்டு அணிகளும் மோதிய முதல் ஆட்டத்தில் சென்னைதான் 2-1 என்று வென்றது. முதல் நிமிடத்திலேயே தாபா கோல்; எதிரணிக்கு வால்ஸ்கிஸ் ஒன்று போட்டும் பலனில்லை. சென்னையின் சரிவில் கிரிவெல்லாரோ நடுவிலேயே காயம்பட்டு வெளியேறியதற்கும் பங்குண்டு. பந்து கொடுக்கிறவன் இல்லாமல் முன்னால் யார் நின்று என்ன?

இந்த விவகாரத்தில் அபூர்வமான ஒரு சௌகரியம் இருக்கிறது. 'அவர் இருந்திருந்தால்' என்ற கேள்விக்குப் பெரும்பாலும் பதில் கிடைக்காது, இங்கே கிடைத்தது. 2022 ஜனவரியில் வால்ஸ்கிஸ் சென்னைக்கே திரும்பி வந்தார். வயது 34. அணி மறுபடியும் எட்டாம் இடத்தில்தான் முடித்தது. பயிற்சியாளர் பந்தோவிச்சைப் பருவத்தின் நடுவிலேயே அனுப்பிவிட்டார்கள்.

அதே பருவத்தில் கோயலின் ஜாம்ஷெட்பூர் 43 புள்ளிகளுடன் லீகில் முதலிடம் பிடித்து, முதல் தடவையாக ஷீல்டை வாங்கியது. அங்கே ஆட்டத்தை நடத்தியவர் கிரெக் ஸ்டூவர்ட். ஸ்காட்லாந்தின் கில்மார்னாக், ரேஞ்சர்ஸ் அணிகளில் ஆடியவர். 10 கோல் போட்டார், 10 கோலுக்குப் பந்து கொடுத்தார். தற்காப்பில் எலி சபியா நின்றார். முந்தைய பருவம்வரை சென்னையில் இருந்தவர்தான். ஆகவே 2020-ல் சென்னை இழந்தது ஒரு ஸ்ட்ரைக்கரை மட்டுமல்ல, பயிற்சியாளரையும்தான். கோயல் இங்கேயே இருந்திருந்தால் ஸ்டூவர்ட் சென்னைக்கு வந்திருப்பாரா என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் தன் நாட்டுப் பயிற்சியாளர் இருக்கிற இடத்துக்குத்தான் அவர் முதலில் வந்தார் என்பது நடந்த விஷயம்.

ஒருவர் பின்னால் மற்றவர்கள் வந்து சேர்வதற்கு உலகக் கால்பந்தில் பெரிய உதாரணம் 1953-ல் இருக்கிறது. அர்ஜென்டினாவின் ஆல்ஃபிரெடோ டி ஸ்டெஃபானோவுக்காக பார்சிலோனா ரிவர் பிளேட்டிடம் பேசியது. ரியல் மாட்ரிட் கொலம்பியாவின் மில்லியோனாரியோஸிடம் பேசியது. ஒரு பருவம் இங்கே, ஒரு பருவம் அங்கே என்று பஞ்சாயத்துத் தீர்ப்பு வந்தது. பார்சிலோனா வெறுத்துப்போய் உரிமையை விட்டுக்கொடுத்தது. 20 ஆண்டுகளாக லீக் வெல்லாத மாட்ரிட் அந்தப் பருவமே வென்றது. 1956 முதல் 1960 வரை ஐந்து ஐரோப்பியக் கோப்பைகள். ஐந்து இறுதி ஆட்டங்களிலும் அவர் கோல் போட்டார். அவர் பின்னாலேயே கோப்பா, புஷ்காஷ் என்று பெரிய ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். அவர் மட்டும் வந்து அடுத்தவர்கள் வராதிருந்தால் ஐந்து கோப்பை வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

சென்னைக்கு வருகிறேன். வால்ஸ்கிஸ் திரும்பி வந்த அதே 2022 ஜனவரியில், அதிகம் சத்தமில்லாமல் இன்னொன்று நடந்தது. 24 வயது லாலியன்சுவாலா சாங்தேயை மும்பை சிட்டிக்கு லோனில் அனுப்பினார்கள். மும்பை அவரைத் தன்னோடே வைத்துக்கொண்டது. அடுத்த பருவம், 2022-23-ல், ஐ.எஸ்.எல்லின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்தை வாங்கியது அந்தச் சாங்தே. மும்பை 46 புள்ளிகளுடன் ஷீல்டை வென்றது. அந்த அணியில் அவரோடு ஆடியவர்களில் ஸ்டூவர்ட்டும் ஒருவர்! சென்னை அந்தப் பருவமும் எட்டாம் இடம். மூன்று பருவம், மூன்று வெளிநாட்டுப் பயிற்சியாளர்கள், மூன்று எட்டாம் இடம்.

தெற்கத்திக்காரர்களுக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. குமரிக் கடற்கரையின் இரவிபுத்தன்துறைப் பையன் மைக்கேல் சூசைராஜ், 2017-18-ல் சென்னை சிட்டி அணிக்காக சென்னைப் பெயரிலேயே ஐ-லீகில் கலக்கினார். சென்னையின் எஃப்.சிக்கு அவர் வரவில்லை, ஜாம்ஷெட்பூர் கூட்டிப்போனது. அடுத்த பருவம் சென்னையின் எஃப்.சி 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றியோடு கடைசி இடம்.

கோயலும் 2023-ல் சென்னைக்குத் திரும்பினார். முதல் பருவத்திலேயே ஆறாம் இடம், 2020-க்குப் பிறகு முதல் தடவையாக பிளே-ஆஃப். ஆனால் அடுத்த பருவம் 11-ஆம் இடம். ஆக அவரும் சாமியார் இல்லை. நல்ல ஆட்கள் அமைந்தால் நல்ல பயிற்சியாளர், அவ்வளவுதான். வால்ஸ்கிஸ் போனது நஷ்டம்தான், ஆனால் அது ஒரு பருவத்து நஷ்டம். சாங்தே போனதன் நஷ்டம் பல பருவத்துக்கு நீண்டது. போகிறவர் 33 வயது வெளிநாட்டவரா, 24 வயது உள்நாட்டு ஆளா என்று பார்த்துத்தான் அழ வேண்டும். அடுத்த தடவை வால்ஸ்கிஸ் பெயரை எடுக்கும் ஆலங்குளத்துத் தம்பிகள், தயவுசெய்து சாங்தே பெயரை அதற்கு முன்னால் சொல்லுங்கள்.