ஆறு சுற்றுக் கம்பிக்குள் என்ன நடக்கிறது?

திண்டுக்கல் சமவெளிக்குப் புகையிலை பழைய பயிர். திண்டுக்கல் சுருட்டுக்கு ஒரு காலத்தில் கடல் கடந்தும் பெயர் இருந்தது. வேடசந்தூரில் 1948-இல் புகையிலைக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. நல்ல இலை, அதைச் சுருட்டத் தெரிந்த விரல், பற்றவைக்க நெருப்பு, இவ்வளவுதான் அந்தத் தொழில். நிலக்கோட்டை வட்டத்துச் சேவுகம்பட்டியில் இன்று செல்போனைத் திறக்கும் ஓர் இளைஞனுக்கு அறிமுகமாகும் பொருளில் இலையும் இல்லை, சாம்பலும் இல்லை. ஒரு பேட்டரி, ஒரு கம்பிச் சுருள், கொஞ்சம் பஞ்சு, சில துளி திரவம். 'வேப்' என்கிறார்கள். அதிலும் கம்பியையும் பஞ்சையும் பயன்படுத்துபவரே கட்டிக்கொள்ளும் டேங்க்குக்குத் தனி ரசிகர் கூட்டம் உண்டு. முதல் டேங்க்காக எதை வாங்குவது, எந்தக் கம்பியைச் சுற்றுவது என்று விளக்கும் வெளிநாட்டு வீடியோக்கள் ஏராளம். அந்தப் பொருளுக்குள் உள்ள அறிவியலைத் தெரிந்துகொண்டால், அந்த வீடியோக்கள் சொல்லாமல் விடுவதும் சேர்த்துப் புரியும்.

சிகரெட்டை இழுக்கும்போது அதன் நுனியில் வெப்பம் சுமார் 900 டிகிரி செல்சியஸைத் தொடுகிறது. இலை எரிந்து தாரும் கார்பன் மோனாக்சைடும் வெளிவருகின்றன. வேப் கருவியில் எதுவும் எரிய வேண்டியதில்லை. புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் என்ற இரண்டு பிசுபிசுப்பான திரவங்களின் கலவையில் நிகோட்டினும் மணமும் சேர்க்கப்பட்டிருக்கும். முதலாவது 188 டிகிரியில் கொதிக்கும், இரண்டாவது 290 டிகிரியில். சூடான கம்பி இதை ஆவியாக்க, அந்த ஆவி காற்றில் பட்டு நுண்துளிகளாகி வெண்மூட்டமாகத் தெரிகிறது. அமெரிக்காவின் ஹெர்பர்ட் கில்பர்ட் 1963-இலேயே இப்படி ஒரு புகையில்லாச் சிகரெட்டுக்குக் காப்புரிமை கேட்டு 1965-இல் பெற்றார், வாங்க ஆளில்லை. சீன மருந்தாளர் ஹான் லிக் 2003-இல் உருவாக்கிய கருவிதான் உலகெங்கும் பரவியது.

வெளிநாட்டுக் கடைகளில் கிடைக்கும் சாதாரணக் கருவியில் 'காயில்' என்ற கம்பிச் சுருளும் பஞ்சும் தொழிற்சாலையிலேயே அடைத்து வரும். தீய்ந்துபோனால் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்றைப் போடுவார்கள். பயன்படுத்துபவரே கட்டிக்கொள்ளும் மறுகட்டு டேங்க்கில் அந்த அடைப்பு இல்லை. கண்ணாடிக் குழாய்க்குள் 'டெக்' என்ற சிறு உலோக மேடை இருக்கும். அதில் இரண்டு தூண்கள், தூணுக்கொரு திருகு. கம்பிச் சுருளின் இரண்டு கால்களையும் அங்கே முடுக்கி, சுருளுக்குள் பஞ்சைச் செருகி, பஞ்சின் வால்களைத் திரவம் வரும் பள்ளங்களில் உட்கார வைக்க வேண்டும். இதற்குத் தடை உள்ள நாடுகளுக்கு வெளியே, பிரிட்டன் போன்ற இடங்களில், முதன்முதலாக வாங்குபவர்கள் ஒற்றைக் காயில் டெக்கைத்தான் தேடுவார்கள். இரட்டைக் காயில் என்றால் இரண்டும் ஒரேமாதிரி சூடாக வேண்டும்; கை பழகாதவருக்கு அது அமையாது. காற்றுத் துளை மேலே இருந்தால் திரவம் கசிவது குறைவு, கீழே இருந்தால் சுவை கூடும் ஆனால் கசியும் என்பது அவர்கள் கணக்கு. கொள்ளளவை வாங்குபவர் முடிவு செய்ய முடியாது. பிரிட்டனில் 2016-இல் வந்த விதிப்படி டேங்க் 2 மில்லிலிட்டரைத் தாண்டக் கூடாது, நிகோட்டின் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

கம்பியின் கதை வேப்பைவிட மிகப் பழையது. நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோமுக்கு அமெரிக்கர் ஆல்பர்ட் மார்ஷ் 1906-இல் காப்புரிமை பெற்றார். ரொட்டி வாட்டும் டோஸ்டர் அதனால்தான் சாத்தியமாயிற்று. இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்ந்த காந்தல் கம்பியை ஸ்வீடனில் ஹான்ஸ் வான் காண்ட்சோவ் உருவாக்கினார். சூடேறும்போது இதன் மேல் அலுமினிய ஆக்சைடு படர்ந்து உள்ளே இருக்கும் உலோகத்தைக் காக்கிறது. மின்தடையும் நிக்ரோமைவிட அதிகம். அதனால் புதிதாகச் சுற்றுபவர்கள் காந்தலில் தொடங்குவது வழக்கம்.

கொஞ்சம் கணக்கு. 26 கேஜ் காந்தல் கம்பியின் விட்டம் சுமார் 0.4 மில்லிமீட்டர், ஒரு மீட்டருக்குத் தடை ஏறத்தாழ 11 ஓம். 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள தண்டில் ஆறு சுற்று சுற்றினால் கால்களையும் சேர்த்து 7 சென்டிமீட்டர் சொச்சம் செலவாகும். தடை சுமார் 0.8 ஓம். முழுதாகச் சார்ஜ் ஏறிய லித்தியம் பேட்டரி 4.2 வோல்ட் தரும். பள்ளியில் படித்த ஓம் விதிப்படி மின்னோட்டம் 5 ஆம்பியருக்குச் சற்று மேல், திறன் 22 வாட். இதுவரை ஆபத்தில்லை. சுற்றைக் குறைத்தோ, தடித்த கம்பியைப் போட்டோ, இரண்டு சுருளை இணையாக மாட்டியோ தடையை 0.1 ஓமுக்கு இறக்கினால் மின்னோட்டம் 42 ஆம்பியராகிவிடும். இந்தக் கருவிகளில் பரவலாகப் போடும் 18650 வகை பேட்டரி, அதாவது 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ளது, நல்ல தரமானதாக இருந்தாலும் தொடர்ந்து தாங்குவது 20, 25 ஆம்பியர்தான். அதற்கு மேல் இழுத்தால் உள்ளே வெப்பம் தன்னைத்தானே பெருக்கிக்கொண்டு செல் வெடிக்கலாம். தடை அளக்கும் ஓம் மீட்டரும், மின்னோட்டம் எல்லை மீறினால் தானே நிறுத்திக்கொள்ளும் மின்சுற்றுள்ள கருவியும் இல்லாமல் காயில் கட்டாதே என்று அனுபவசாலிகள் வற்புறுத்துவது இதற்காகத்தான். அந்த மின்சுற்று இல்லாத 'மெக்கானிக்கல்' கருவியில் காவல் என்று எதுவுமில்லை.

பஞ்சு செய்வது அகல் விளக்குத் திரி செய்யும் அதே வேலை. நூலிழைகளின் இடுக்கு வழியே திரவத்தை மேலே இழுக்கிறது. அதிகம் திணித்தால் திரவம் ஏறாது, குறைத்தால் ஒழுகும். திரவம் ஏறாமல் காய்ந்த பஞ்சைக் கம்பி கருக்கிவிடும். அப்போது கிளிசரின் சிதைந்து ஃபார்மால்டிஹைடும் அக்ரோலினும் உருவாகின்றன. தொண்டையைச் சுடும் அந்த ஓர் இழுப்பை உடனே துப்பிவிடுவார்கள். மெல்லிய அளவில் நடக்கும் சிதைவை நாக்கு கண்டுபிடிக்காது.

கம்பியும் சும்மா இருப்பதில்லை. 2018-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 56 பேரின் கருவிகளைச் சோதித்தார்கள். புட்டியில் இருந்த திரவத்தைவிட, காயிலைத் தொட்டுவந்த ஆவியில் ஈயம், குரோமியம், நிக்கல் போன்ற உலோகங்கள் பன்மடங்கு அதிகம். திரவத்தில் என்ன கலந்திருக்கிறது என்பது தனிக் கவலை. 2019-இல் அமெரிக்காவில் தொடங்கிய நுரையீரல் நோய் அலையில் 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் பாதிக்கப்பட்டனர், 68 பேர் இறந்தனர். பெரும்பாலும் கஞ்சாச் சத்துள்ள கள்ளச்சந்தைத் திரவங்களில் கெட்டிப்படுத்தச் சேர்த்த வைட்டமின் ஈ அசிட்டேட்டே முக்கியக் காரணம் என்று தெரியவந்தது. தோலில் பூசினாலும் விழுங்கினாலும் கெடுதல் செய்யாத ஒரு பொருள், மூச்சோடு உள்ளே போனபோது ஆளைக் கொன்றது.

தொழிற்சாலையில் செய்த பொருளுக்கும் பயனருக்கும் நடுவே பொறியாளர், சோதனைக்கூடம், தரக்கட்டுப்பாடு என்று பலர் நிற்கிறார்கள். மறுகட்டு டேங்க் அவர்கள் எல்லாருடைய வேலையையும் ஒரு குறடும் திருப்புளியும் வைத்திருக்கும் ஒருவரிடம் ஒப்படைக்கிறது. அவர் கையில் உள்ள மீட்டர் தடையைக் காட்டும். ஆவியில் கலந்த நிக்கலையோ ஃபார்மால்டிஹைடையோ காட்டும் மீட்டர் எந்த வீட்டு மேசையிலும் கிடையாது.

இனி சட்டம். தமிழ்நாடு 2018-இலேயே வேப் உள்ளிட்ட இ-சிகரெட்டைத் தடை செய்தது. 2019 செப்டம்பர் 18 அன்று நாடு முழுவதற்குமான தடை முடிவை மதுரையில் பிறந்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். அதற்காக வந்த அவசரச் சட்டம் அந்த ஆண்டு டிசம்பரிலேயே முழுச் சட்டமாயிற்று. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாம் குற்றம். முதல் முறை ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். இருப்பு வைத்தாலும் ஆறு மாதம் வரை சிறையோ ஐம்பதாயிரம் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. நிகோட்டின் இல்லாத திரவம் என்பதும் தப்பிக்க வழியல்ல. சட்டத்தின் வரையறை நிகோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொருந்தும். இ-சிகரெட்டையோ அதன் பாகத்தையோ செய்வதும் கோத்துச் சேர்ப்பதும் தயாரிப்பு என்றே அங்கே எழுதியிருக்கிறது. சேவுகம்பட்டியில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காயில் கட்டுவது பொழுதுபோக்காகத் தோன்றலாம். அந்த வரையறைக்குள் அது வந்துவிடக்கூடும்.

சிகரெட்டை விடத்தான் இதைத் தேடினேன் என்பவருக்கு, மருந்துச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்ற பொருள்களை இந்தத் தடையிலிருந்து விலக்கியிருக்கிறார்கள். நிகோட்டின் சூயிங்கம் மருந்துக்கடையில் கிடைக்கிறது. எவ்வளவு, எத்தனை வாரம் என்பதை மருத்துவர் சொல்வார். புகையிலையை விட உதவும் தேசியக் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-11-2356.