மலைக்கோயிலில் இரண்டு நாள்கள்

பெற்றோர் ஊரில் நோயுற்றிருக்க, அயல்நாட்டில் வாழும் பிள்ளைகளின் உறக்கம் குறைவதை இம்மடலின் வாசகர் பலர் அறிவர். நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் பயிரிடும் குடும்பத்தில் பிறந்த அண்ணனும் தங்கையுமாகிய நாங்கள், தென்கொரியாவின் தேகு நகரில் பணியாற்றியபோது அந்நிலையில் இருந்தோம். தந்தையாருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடைபெற்று வந்தது. கொரிய நேரம் நம் நேரத்தினும் மூன்றரை மணி முந்தியது. சிகிச்சை முடிந்த செய்தி வரும்வரை, நள்ளிரவானாலும் கைபேசியும் கையுமாக விழித்திருப்போம்.

இந்நிலையில், ஒரு வார இறுதியில் காயாசான் மலையிலுள்ள ஹேயின்சா என்னும் பௌத்தக் கோயிலுக்குச் சென்றோம். 2002ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியின்போது, அயல்நாட்டு விருந்தினர் தங்குவதற்கெனக் கொரிய மடாலயங்கள் தொடங்கிய ஏற்பாடு இன்றும் தொடர்கிறது. புறப்படுமுன், அவசரமெனில் அழைக்குமாறு கோயில் அலுவலக எண்ணைச் சித்தப்பாவிடம் கொடுத்தோம். அதன் பின்னரே கைபேசியை அணைக்க மனம் துணிந்தது.

விடியலுக்கு வெகு முன்பே மணியோசை எழுப்பிற்று. வழிபாடு, 108 முறை விழுந்து வணங்குதல், தியானம், முற்றம் பெருக்குதல் என ஒவ்வொன்றுக்கும் உரிய பொழுது இருந்தது. உணவில் புலாலும் பூண்டும் இல்லை. பருக்கையும் வீணாக்காமல் உண்டு, கலத்தைக் கழுவிய நீரையும் பருகுவது அவர்தம் மரபு.

கி.பி. 802இல் நிறுவப்பட்ட அக்கோயிலில், 13ஆம் நூற்றாண்டில் செதுக்கப்பட்ட எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மரப்பலகைகளில் பௌத்த நூல்கள் காக்கப்படுகின்றன. மங்கோலியப் படை நாட்டைச் சூறையாடிய காலத்தில், காப்பு வேண்டி மக்கள் அவற்றைச் செதுக்கினர். போரை நிறுத்துவது அவர்கள் கையில் இல்லை. அடுத்த எழுத்தைச் செதுக்குவது அவர்கள் கையில் இருந்தது. தந்தையாரின் நோயைக் குறித்து எங்களுக்கும் அவ்வாறே தோன்றிற்று. அன்றிரவு நன்கு உறங்கினோம்.

ஓய்வின் அருமை விளங்கியபோது தாயாரை நினைத்தோம். தந்தையாரின் மருந்து, உணவு, நீரின் அளவு அனைத்தையும் நாள்தோறும் கவனிப்பவர் அவரே. அவருக்கு விடுமுறை என்பதே இல்லை. திரும்பியதும் உறவினருடன் பேசி முறை வகுத்தோம். இரு வாரங்களுக்கு ஒருமுறை, சிகிச்சையில்லாத ஞாயிறன்று சித்தி வீட்டைக் கவனித்துக்கொள்கிறார். தாயார் ராசிபுரத்தில் தம் தமக்கை வீட்டிற்குச் சென்று உண்டு, உறங்கி, மாலையில் திரும்புகிறார்.

ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறோம். தியானம் மருந்துக்கு மாற்றன்று. இன்சுலின் போட்டுக்கொள்வோரும் சிறுநீரக நோயுடையோரும் இத்தகைய இடங்களுக்குச் செல்லுமுன், உணவு நேரத்தையும் உப்பின் அளவையும் பற்றி மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும். மலைக்கோயில் எல்லார்க்கும் வாய்க்காது. அருகிருந்து பேணுபவர்க்கு ஒரு நாள் ஓய்வை எந்தக் குடும்பமும் அளிக்க இயலும்.